நின்ற பிறகும் ஆடிய கேமரா

ஹைதராபாத் மணிகொண்டாவில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனி. இல்லாத யானையை இருக்கிற மண்ணில் நிற்க வைக்க வழி செய்வதுதான் அங்கே சுவர்ச்சலாவின் பிழைப்பு. படமெடுத்தபோது கேமரா எப்படியெல்லாம் நகர்ந்தது என்று காட்சியிலிருந்தே கணக்கெடுத்து, யானையைச் சேர்க்கிறவர்களின் சாஃப்ட்வேருக்கு அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதில் பிசகினால் யானை தரையில் நிற்காது, எண்ணெய்ச் சட்டியில் வடை மாதிரி வழுக்கிக்கொண்டு திரியும்.

அன்று வந்த காட்சியில் கதாநாயகன் கோட்டை வாசல் வரை நடந்து, நின்று, வசனம் பேசுகிறான். யாரோ தோளில் கேமராவோடு பின்னாலேயே போயிருக்கிறார்கள். கணக்கை மாற்றி ஓட்டிப் பார்த்தாள். நடக்கும்போது ஆடினால் பரவாயில்லை. நின்ற பிறகும் ஆடியது. பொடிப் பொடியாக, ஒரே சீராக ஒரு நடுக்கம். தன் கணக்குதான் தப்போ என்று தரையில் ஒரு சோதனைப் பெட்டியை வைத்தாள். பெட்டி மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நடுக்கத்தைக் கணக்கிலிருந்து எடுத்தாள், உடனே பெட்டி வழுக்கியது. அப்படியானால் கணக்கு சரி. ஆடினது கேமராதான்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இதையெல்லாம் வழக்கமாக முதலில் பார்ப்பவர் அவளுக்கு மேலே இருக்கிற யாதகிரி. அவரோ மச்சினன் கல்யாணத்துக்குக் கரீம்நகர் போயிருந்தார். போனைப் போட்டாள்.

“அண்ணா, எந்தப் புண்ணியவான் இதை எடுத்தது? காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டானா? கேமராவைத் தூக்குடான்னா சாமி வந்த மாதிரி ஆடியிருக்கான்!”

ஒன்றுக்கு இரண்டாகக் கிண்டல் பண்ணுகிற மனிதர், மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அதை ஏம்மா திறந்த? அப்படியே வை. நான் வந்து பாத்துக்கறேன்.”

“சாயங்காலம் அனுப்பியாகணும்ணா. ஆள் யாருன்னு சொல்லுங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்.”

“நம்ம கோடேஷ்தாம்மா.”

கோடேஷ் அவள் புருஷன், அந்தப் படத்தின் கேமராக்காரர்களில் ஒருவன்.

“ஆறு மாசமா அவன் எடுத்ததையெல்லாம் நான்தான் ஆட்டமில்லாம பண்ணி உன்கிட்ட அனுப்பறேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். பிடிச்சிருந்தப்பவே அந்தக் கை நடுங்குச்சும்மா. திங்கக்கிழமை கோட்டை மதில் மேல கேமராவோட பின்பக்கமா நடக்கறேன்னு வேற ஒத்துக்கிட்டிருக்கான். நான் சொல்லிக் கேக்கல. நீயாவது சொல்லு.”

தலையில் இடி விழுந்தாற்போல உட்கார்ந்திருந்தாள். திரையில் கேமரா இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சங்கராந்தியிலிருந்து அவன் தன் கையால் சாப்பிடுவதில்லை. ஆவக்காய் ஊறுகாய் போட்டுப் பிசைந்து ஊட்டிவிடு என்று கொஞ்சுவான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த ஆசையா என்று பூரித்துப்போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டவள் இவள். மக்கு, வடிகட்டின மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோடேஷுக்குப் போன் போட்டாள்.

“என்ன மேடம், ஆபீஸ் நேரத்துல புருஷன் ஞாபகம்?” என்றான் அவன்.

“கோட்டை வாசல் காட்சி என்கிட்ட வந்துடுச்சுங்க.”

அவன் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது.

“ரொம்பத் தெரியுதா?”

“நீங்கன்னு தெரியாம, குடிச்சுட்டு எடுத்திருக்கான்னு அண்ணன்கிட்ட திட்டிட்டேங்க.” அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. “திங்கக்கிழமை நீங்க மதில் மேல ஏறக்கூடாது. இப்பவே டைரக்டருக்குப் போன் பண்ணப் போறேன்.”

“என்னன்னு சொல்லுவ? கை நடுங்குதுன்னா? அதோட நான் தீர்ந்தேன்.” பிறகு குரல் இறங்கியது. “நீ திட்டினதையே சொல்லு சுவர்ச்சலா. குடிக்கிறான்னு சொல்லு. குடிகாரனைத் திருந்திட்டான்னு மறுபடி கூப்பிடுவாங்க. நடுங்கறவனை எவன் கூப்பிடுவான்?”

சாராய வாடை வந்தால் தெரு மாறி நடக்கிற மனுஷன் அவன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டைரக்டரின் எண்ணைப் போட்டாள்.

“சார், நான் கோடேஷ் சம்சாரம் பேசறேன்,” என்றாள். “சொல்லவே வெக்கமா இருக்கு சார். எங்க வீட்டுக்காரர் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு.”