பரோலோவும் ஒரு பிராதும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று தெருவே சொல்லும். என் வீட்டுக்காரருக்கோ மூக்கே வேலை செய்யவில்லை. என்ன பொருத்தமோ!

பதினாறு வருஷமாக இத்தாலியில் ஒரு ஓட்டலில் ஒயின் ஊற்றிக் கொடுத்தவர் அவர். பெயர் சாமிதுரை. கிளாஸை முகர்ந்தே எந்த ஊர்த் திராட்சை என்று சொல்லிவிடுவாராம். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து வாசனையை வழித்துக்கொண்டு போய்விட்டது. லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டார். முதலாளி நல்ல மனுஷன். மூக்கு திரும்பினால் வா, இந்த மாசக் கடைசிவரை உன் இடத்தை யாருக்கும் தரமாட்டேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

அதற்காகத் தினமும் காலையில் ஏலக்காய், சூடம், காபித்தூள் என்று வரிசையாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். சூடத்தை ஏலக்காய் என்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வேலை பார்க்கும் செராமிக் ஷெட்டில் கப்புகளைக் கிளேஸ் என்ற பளபளப்புக் கரைசலில் முக்கி எடுத்துவிட்டு, கையெல்லாம் வெள்ளையாக நான் வெளியே வந்தால், வண்டியோடு வாசலில் நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரோடு கிடந்த எனக்குக் கிடைக்காத சுகம் அது. அதை எப்படி விடுவேன்?

எங்கள் பக்கம் மனுஷரால் தீராத வழக்கு என்றால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவோம். குறையைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, வேலில் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு. நானும் கட்டினேன். மூக்குக்காகத்தான் என்று அவர் நம்பினார். நான் எழுதியது வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை, அவரோடு இத்தாலியில் வேலை பார்த்த கம்மாபுரம் தமிழ்ச்செல்வன் லீவில் வந்தவர், மூக்கைச் சோதித்துப் பார்க்க முதலாளி கொடுத்தனுப்பிய மூன்று சின்ன ஒயின் பாட்டில்களைத் தந்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தினேன். எதிர்வீட்டுக் காசியம்மாள் விடுவாளா?

"இன்னாடி அம்புஜம், பட்டப்பகல்ல கதவு சாத்தியிருக்குது?"

"எறும்பு மருந்து போட்டிருக்கேன், போடி!" என்றேன்.

கிளாஸ் இல்லை. எங்கள் ஷெட் கப்புதான், பளீரென்ற வெள்ளை. அவர் முதல் பாட்டிலைத் திறந்தார்.

"இது பார்பேரா. அங்க தினப்படி சோத்துக்கு இதான். நம்மூரு ரசம் மாதிரி. யாரும் பெருசா பேச மாட்டாங்க, ஆனா இல்லன்னா சாப்பாடு எறங்காது."

நான் கப்பை உயர்த்தி, அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று வளர்ந்தவள் வேறு எப்படிக் குடிப்பேன்?

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அடியே, இது கஷாயமில்ல! மூக்கை உள்ள வுடு. மொதல்ல மோந்து பாரு. வாய் வச்சு ஒரு வாய் இழு. நாக்குல உருட்டு. அப்புறம் முழுங்கு."

உருட்டினேன். களாக்காய்ப் புளிப்பு, நாவல் பழம். அடுத்தது கியாந்தி. விருந்தாளி வந்தால் எடுப்பார்களாம். அதில் புளிப்புக்குப் பின்னால் காய்ந்த துளசி வந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பரோலோ. நல்ல நாள், பெரிய நாளுக்கு உள்ளதாம். "வருஷக்கணக்கா பீப்பாயில கெடந்தது. தெறந்தவுடனே வாசம் பேசாது. காத்திருக்கணும்."

"என்கிட்டயா காத்திருக்கறத பத்தி சொல்றீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மணி நேரம் விட்டு முகர்ந்தேன். ஆத்தாடி! சாமி படத்தில் வாடிய ரோஜா மாலை. அதோடு புதுசாகப் போட்ட தார் ரோடு. இரண்டும் எப்படி ஒரே கப்பில்?

"தாரும் ரோஜாவுமா?" என்றார் அவர். "அத புடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு, அம்புஜம்."

பிறகு தன்னைச் சோதிக்கச் சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். புதுசாக மூன்று கப்பின் அடியில் பென்சிலால் எண் போட்டு, ஊற்றி, இடம் மாற்றி வைத்தேன். நாக்கு புளிப்பையும் துவர்ப்பையும் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மூக்கு மட்டும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

திரும்பி, கண்ணை மூடி, முதல் கப்பை முகர்ந்தார். "கியாந்தி." இரண்டாவது, "பார்பேரா." மூன்றாவதை மூக்கருகே வைத்தவர் அப்படியே இருந்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"தாரு வருது. ரொம்ப தூரத்துல. ஆனா வருது. இது பரோலோ. சரியா, அம்புஜம்?"

அடியிலிருந்த எண்களைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் சரி. அது எனக்கு மட்டும்தான் தெரியும். கப்பின் அடியை அவருக்குக் காட்டாமல் 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாசக் கடைசிக்கு நாலே நாள். இடம் வேறு ஒருவனுக்குப் போய்விடும், ஷெட் வாசலில் தினமும் வண்டி நிற்கும். கொளஞ்சியப்பர் தீர்ப்பை என் நாக்கிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளையின் முகம். பாவி மனுஷன், என்னை முழுசாக நம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாமே சரிங்க," என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவரும் கூடவே வந்தார். பிராது பலித்துவிட்டது, நன்றி சொல்ல வேண்டாமா என்றார். கோயில் எழுத்தர் கோப்பில் இருந்த என் பிராதின் நகலைத் தேடியெடுத்து, "பலிச்சுதாம்மா?" என்றார்.

"இல்லீங்க. வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எது வாபஸ்னு படிச்சுக் காட்டணும்மா," என்று எழுத்தர் உரக்கவே படித்தார். "என் கணவர் சாமிதுரைக்கு மூக்கு சரியாகாமல், அவர் என்னோடு ஊரிலேயே இருக்க அருள வேண்டும்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். டவுனுக்குள் பாலக்கரை வந்ததும் ஒரு போட்டோ ஸ்டுடியோ முன்னால் நிறுத்தினார்.

"எறங்கு."

"எதுக்குங்க?"

"பாஸ்போர்ட்டுக்கு போட்டோ வேணும்ல. எங்கம்மாவ பாத்துக்கணும்னு இத்தினி வருஷம் உன்ன இங்க வுட்டுட்டுப் போனேன். அம்மாவும் போய்ட்டாங்க. இனிமே உன்ன வுட்டுட்டு நான் எங்க போறது?"

"நான் அங்க வந்து இன்னா செய்யறது?" என்றேன், கோபமாகத்தான்.

"என் மூக்கு இன்னும் பாதிதான் வந்திருக்குது," என்றார். "மீதிக்கு நீ வேணும்."

போட்டோவில் என் கண் இரண்டும் வீங்கித்தான் இருக்கிறது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். இதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.