இருட்டறைக்கு வந்த பல்ப்

இருபத்திரண்டு மணித்தியாலமாக ஜெனிற்றா ஒரு விஷயத்தை ஆய்வுகூடத் தோழி நிஹ்லாவுக்குச் சொல்லாமல் இருந்தாள்.

முதல்நாள் பின்னேரம் ஜெனிற்றா குருநகரில் தன் வீட்டுக்குப் போனபோது, அம்மா கதிரையில் இருந்து ஒரு வெள்ளைப் பல்புக்குச் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸைப் பூசிக்கொண்டிருந்தார். இயேசுவின் திருவிருதயப் படத்துக்கு முன்னால் எரிகிற பல்ப்.

"கடையளிலை சிவப்புப் பல்ப் எங்கை பிள்ளை கிடக்கு? நான் எப்பவும் இப்பிடித்தான்."

"அப்ப நான் லாபுக்குக் கொண்டுபோனது?"

"அதுவும் உப்பிடிப் பூசினதுதான்."



உப்பளத்து நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மென்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கென்று நிறம் கிடையாது. ரெட்டினல் என்ற மஞ்சள் நிறமி வந்து அதன் நடுக்குழியில் பிணைந்தால்தான் ஊதாவாகும். ஆனால் பிணைய முன்னர் ரெட்டினலில் வெள்ளை வெளிச்சம் பட்டால் அதன் வால் மடங்கிவிடும். மடங்கியது குழிக்குள் சரியாகப் பொருந்தாது. அதனால்தான் ஆய்வுகூட இருட்டறையில் சிவப்பு வெளிச்சம். அங்கே இருந்த பல்ப் போன கிழமை எரிந்துபோக, வீட்டில் இருந்ததை ஜெனிற்றாதான் கொண்டுவந்து மாட்டினாள்.

அந்தப் பல்பின் கீழேதான் நிஹ்லா கடைசி ரெட்டினலைக் கரைத்து, நிறம் நீக்கிய சவ்வோடு கலந்து, அலுமினியத் தாள் சுற்றி வைத்திருந்தாள். இனி ரெட்டினல் வர மூன்று மாதம் ஆகும். அவளுடைய ஆய்வுக் காலமோ அடுத்த மாதம் முடிகிறது.

"என்னடி, செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிக்கிறாய்?" என்றாள் நிஹ்லா, இருட்டறை வாசலில்.

"ஒண்டுமில்லை."

"நேத்திக்கடன் ஏதும் வைச்சனியோ?"

"ஓம். அந்தோனியாருக்கு."

"நல்லது. நான் ரெண்டு நோன்பு நேர்ந்திருக்கிறன். உந்தப் புரதம் எங்கை தப்பி ஓடுறதெண்டு பாப்பம்."

இருட்டறையில் தாளை உரித்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் குழாய் வெறும் சாம்பலாய்த் தெரிந்தது. அதில் எந்த நிறத்தையும் மட்டுக்கட்ட முடியாது. நிஹ்லா குழாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு நடந்தாள். ஜெனிற்றா பின்னாலே போனாள்.

வெயிலில் நிஹ்லா குழாயைத் தூக்கிப் பிடித்தாள்.

நல்ல கத்தரிப்பூ நிறம்.

"அல்லாஹ்!" நிஹ்லா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஜெனிற்றா சுவரில் சாய்ந்தாள். அந்தப் பூச்சு வெள்ளை வெளிச்சத்தைப் போதுமான அளவு மறைத்திருக்கிறது. இனி ஒருவருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நிறமாலைமானியும் அதையே காட்டியது. கிட்டத்தட்ட முழுப் புரதமும் பிணைந்திருந்தது. நிஹ்லா மடிக்கணினியைத் திறந்தாள்.

"சூட்டோடை சூடா ஆய்வுக் கட்டுரைக்குச் செய்முறையை எழுதிவிடுவம். சிவப்புப் பல்பின் கீழ் கலக்கப்பட்டது எண்டு போடட்டே? அலைநீளமும் கேப்பினம். பல்ப் பெட்டியிலை ஏதும் இருந்ததோ?"

ஓம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதை எங்கோ இருக்கும் ஒருத்தி வாசிப்பாள். வாசித்து, அப்படியே செய்து பார்ப்பாள்.

"நிஹ்லா."

"சொல்லு."

"பெட்டியே இல்லை. அது சிவப்புப் பல்ப் இல்லையடி. வெள்ளைப் பல்புக்கு எங்கடை அம்மா கியூட்டெக்ஸ் பூசினவ."