இருபத்து மூன்றாவது மேடு

அந்தத் திருப்பத்தை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தேழு வருடங்களாக அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டேன். சில நாள் அஸ்லாக்கின் வலது முழங்கால் தாழ்வதைப் பார்க்கிறேன். சில நாள் தாழாததைப் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக எழும்பும் பனித்தூள் மட்டும் மாறுவதில்லை.

மற்றதை உறுதியாகச் சொல்ல முடியும். 1996, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. எனக்கும் அஸ்லாக்குக்கும் வயது நாற்பத்து நான்கு.

எங்கள் தெலெமார்க் மலைகளில் பனிச்சறுக்குப் பலகையில் குதிகாலைக் கட்டாமல் சறுக்குவோம். காலணியின் நுனி மட்டும்தான் பலகையோடு பிணைந்திருக்கும். திரும்பும்போது ஒரு கால் முன்னே போகும். மற்றது பின்தங்கி, குதிகால் உயர்ந்து, முழங்கால் பலகையைத் தொடும் அளவுக்குத் தாழும். கிட்டத்தட்ட மண்டியிடுவதுதான். அடுத்த திருப்பத்தில் கால்கள் இடம் மாறும். சமமான சரிவில் இதை யாரும் கற்றுக்கொள்ளலாம். மேடுகளில் அப்படி இல்லை. குளிர்காலம் முழுக்க ஆயிரம் பேர் ஒரே சரிவில் திரும்பித் திரும்பி இறங்க, பலகைகள் ஒதுக்கிய பனி குவிந்து இடுப்பளவு உயரத்துக்கு மேடுகள் எழுந்துவிடும். அங்கே நொடிக்கு ஒருமுறை மண்டியிட்டு எழ வேண்டும். அஸ்லாக்கும் நானும் இருபது வருடம் அந்த மேடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இறங்கியவர்கள். பேசிக்கொள்ள மாட்டோம். அவன் பலகை பனியை உரசும் சத்தம் என் இடது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அது போதுமாக இருந்தது.

நான் அப்போது நூலகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அஸ்லாக் மின் நிலையத்தில் வேலை பார்த்தான். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, நிலைய வாசலில் பேருந்தை நிறுத்தியிருந்தபோது உள்ளே ஏறி வந்தான். புத்தகம் எடுக்க வருகிறவன் இல்லை அவன். உள்ளே ஹீட்டர் ஓடும், அதற்காக வருவான்.

"படம் போட்ட புத்தகம் ஏதாச்சும் இருக்கா?"

"உனக்கா? கீழ்த்தட்டுல பார். மூணு வயசுக்கு மேல."

"மூணு வயசா? கஷ்டம்டா." படியில் உட்கார்ந்தான். என் காலணியைப் பார்த்தான். அந்த வருடம்தான் நான் சறுக்குவதற்கான தோல் காலணியை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தேன். பழக்குவதற்காக வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு வருவேன். "வாளிக்குள்ள காலை விட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறான் பார். பிரேக் எங்க இருக்குன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"எனக்குத் தெரிய மாட்டேங்குது, லெய்வ்."

அவன் சிரிக்கவில்லை என்பதால் நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இலையுதிர் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு நரம்பு நோய் என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். என் பேருந்திலேயே இருந்த மருத்துவப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்திருந்தேன். மெதுவாகவும் வரலாம், வேகமாகவும் வரலாம் என்று போட்டிருந்தது.

"வலி கிடையாது. பலமும் இருக்கு," என்றான். "ஆனா வலது முழங்கால் எங்க இருக்குன்னு உள்ளேருந்து தெரியல. மடங்குன்னு சொல்றேன். மடங்குச்சா இல்லையா, யாருக்குத் தெரியும்? குனிஞ்சு பார்த்தாத்தான் உண்டு. மேட்டுல குனிஞ்சு பார்க்க முடியுமா?"

"முடியாது."

"ஈஸ்டர் சனிக்கிழமை பந்தயத்துல நீ நடுவர்தானே? கீழ்ப்பகுதிக்கு?"

"ஆமா."

"அப்ப நீ பார்த்துச் சொல்லு. மேல் பகுதியில கால் புதுசா இருக்கும், ஏமாத்திடும். கீழதான் உண்மை தெரியும். ஒரே ஒரு திருப்பத்துல மடங்கலைன்னாலும் கொடியைத் தூக்கு. அத்தோட பலகையைக் கொட்டகையில மாட்டிடறேன். சத்தியமா. வீட்டுல குன்வோர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து, கீழ்த்தட்டிலிருந்து யானைப் படம் போட்ட புத்தகம் ஒன்றை உருவி, "இதைப் பதிஞ்சுக்கோ," என்று என் மேசையில் போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமலே இறங்கிப் போனான்.

பெரிய வெள்ளி அன்று, ஆட்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டின் குடிசையில் நடுவர்கள் கூடினோம். பந்தயத்தை நடத்தியவர் மார்கித். அறுபது வயது, கட்டைக் குரல், கையில் எப்போதும் பாதி உரித்த ஆரஞ்சு.

"கேட்டுக்குங்க பசங்களா," என்றார். எங்களில் யாருக்கும் நாற்பதுக்குக் குறையாது. "முழங்கால் தாழலைன்னா கொடி. ஒரு கொடிக்கு ஒரு நொடி தண்டம். ஆனா பனி கிளம்பி மறைச்சிடுச்சு, சரியாத் தெரியலைன்னா கொடி கிடையாது. சந்தேகம் வந்தா அது இறங்கறவனுக்குச் சாதகம். போன வருஷம் ஒருத்தர் சந்தேகத்துக்கெல்லாம் கொடி தூக்கி, வந்தவங்க பாதிப் பேர் என்கிட்ட சண்டைக்கு நின்னாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். நோட்டோடனில இருந்து வந்த மனுஷன்."

எல்லோரும் நோட்டோடன்காரரைப் பார்த்தார்கள். அவர் காப்பியைப் பார்த்தார்.

மறுநாள் காலை, மாவை அச்சில் வார்த்துச் சுடும் வாஃபிள்களை விற்கும் மேசையில் குன்வோர் நின்றிருந்தாள். அஸ்லாக்கின் மனைவி. நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பழுப்புச் சீஸை அவள் ஒவ்வொரு வாஃபிளிலும் சீவி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றை நீட்டியவள் அதைக் கையிலிருந்து விடவில்லை.

"கொடியைத் தூக்கிடு, லெய்வ்."

"மடங்கலைன்னா தூக்குவேன்."

"மடங்கினாலும் தூக்கு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து மாடிப்படியில விழுந்தான். செருப்பு வழுக்கிடுச்சாம். செருப்பு கதவுகிட்டதான் கிடந்துச்சு. நான் சொன்னா கேக்க மாட்டான், டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டான். நீ கொடி தூக்கினா கேப்பான். சத்தியம் பண்ணியிருக்கான். உனக்கு ஒரு நொடி வேலை."

"அது பொய் சொல்றதாகும், குன்வோர்."

"ஆகட்டுமே," என்றாள். "பொய்யாவே இருக்கட்டும். அவன் வீட்டுல இருப்பான்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதைச் சிலர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவளும் அப்படி எடுத்துக்கொண்டாள் என்பது பிறகு புரிந்தது. வாஃபிளை வாங்கிக்கொண்டு சரிவுக்கு நடந்தேன்.

என் பகுதி இருபதாவது மேட்டிலிருந்து இருபத்தெட்டாவது மேடு வரை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. காலையில் கல்லாக இறுகியிருந்த பனி பதினோரு மணிக்குச் சர்க்கரை போல இளகியிருந்தது. ஓரத்தில் கலைமான் தோலை விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா காலத்துக் கம்பளிக் கால்சட்டையும் ஒற்றைக் கம்புமாக வேடம் போட்ட கும்பல் ஒன்று முதலில் இறங்கி, மூன்றாவது மேட்டிலேயே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது. மார்கித் ஒலிபெருக்கியில், "உங்க தாத்தாங்க இதைப் பார்த்தா அமெரிக்காவுக்கே போயிருப்பாங்க," என்றார்.

அஸ்லாக் பதினேழாவது ஆளாக வந்தான்.

தொப்பியின் சிவப்புக் குஞ்சம் முதலில் தெரிந்தது. தோள்கள் அசையவே இல்லை. அதுதான் அவன் அழகு. மேலே உடம்பு நின்ற இடத்தில் நிற்கும், கீழே கால்கள் மட்டும் கத்தரிக்கோல் போல மாறிக்கொண்டிருக்கும். என் பகுதியில் ஒற்றைப்படை மேடுகளில் அவனுக்கு வலது முழங்கால் தாழ வேண்டும். இருபத்தொன்றில் தாழ்ந்தது. தெளிவாகப் பார்த்தேன். இருபத்திரண்டில் இடது, அதற்குக் கவலை இல்லை. இருபத்து மூன்றில் பலகை மேட்டின் தோளை வெட்டியது, பனித்தூள் அவன் இடுப்புவரை எழுந்தது. அது அடங்குவதற்குள் அவன் அடுத்த மேட்டில் இருந்தான்.

தூள் எழும்புவதற்கு முன், கண் இமைக்கும் நேரத்தில் பாதி, நான் ஒன்றைப் பார்த்தேன். வலது குதிகால் உயரவில்லை. இரண்டு பலகைகளும் ஒன்றுக்கொன்று சமமாக, குதிகாலைக் கட்டியவர்கள் திரும்புவது போலத் திரும்பின. பார்த்தேன் என்றுதான் இன்று காலை தோன்றுகிறது.

கொடி என் கையில் இருந்தது. ஒரு முழக் குச்சி, முனையில் சிவப்புத் துணி. பனி கிளம்பி மறைத்துவிட்டது என்று எனக்குள்ளே சொன்னேன். சந்தேகம் இறங்குகிறவனுக்குச் சாதகம். இருபத்தைந்திலும் இருபத்தேழிலும் அவன் முழங்கால் அருமையாகத் தாழ்ந்தது.

அவன் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நேரம் எழுதிய பலகையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கொடி தரையில் கிடந்தது.

அவன் போட்ட கூச்சல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. வயதில் பாதிகூட இல்லாத இருவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்திருந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மதிப்பெண் அட்டையைப் பிடுங்கி, ஒன்பது குறிகளையும் விரல் வைத்து எண்ணினான். "இருபத்து மூணுல ஒரு மாதிரி இருந்துச்சு. நிஜமாவே மடங்குச்சா?"

"மடங்குச்சு."

சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாளிக்காரா, இன்னும் பத்து வருஷம்டா நமக்கு," என்றான். அவன் தோளுக்கு மேலே குன்வோர் தெரிந்தாள். வாஃபிள் சுடும் அச்சிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் போன பிறகு, அஸ்லாக் முதல் லிஃப்டில் ஏறினான். எட்டே முக்கால் மணி. மேடுகள் அப்போது பாறைதான். பதினொன்றுக்கு முன்னால் எங்களில் யாரும் அங்கே இறங்க மாட்டோம், குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். லிஃப்ட்காரர், "கொஞ்சம் பொறுத்துப் போயேன்," என்றிருக்கிறார். "பத்தரைக்கு வேலைக்குப் போகணும். கால் கூப்பிடுது," என்று இவன் சிரித்தானாம். சரிவின் பாதிக்கும் கீழே விழுந்து கிடந்தான். கழுத்து முறிந்திருந்தது. கீழே விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இறுகிய பனியில் தடம் பதியாது, எனவே முழங்கால் மடங்கியதா இல்லையா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹெலிகாப்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துக் குன்வோர் என் பேருந்துக்கு வந்தாள். அவன் உட்கார்ந்த படியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"சனிக்கிழமை மடங்குச்சா, லெய்வ்?"

"பனி மறைச்சிடுச்சு."

"எந்த மேட்டுல?"

"இருபத்து மூணு."

"அப்ப உனக்குச் சந்தேகம் இருந்துச்சு."

"விதி இருக்கு குன்வோர். சந்தேகம் வந்தா..."

"விதி தெரியும். அது பந்தயத்துக்கு." அவள் குரல் உயரவில்லை. "அவன் உன்கிட்ட பந்தயத்தைப் பத்தியா கேட்டான்? தன் காலைப் பத்திக் கேட்டான். உன் கண்ணை நம்பிக் கேட்டான்."

நான் பேசாமல் நின்றேன். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். அதை ஒரு நல்ல குணம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு, "ஏன்னாவது சொல்லு," என்றாள்.

அன்று சொல்லவில்லை. பிறகு மெல்ல மெல்ல எனக்கே தெரிந்தது. அவன்மேல் இரக்கப்பட்டு நான் கொடியைக் கீழே போடவில்லை. நேர்மைக்காகவும் இல்லை, மார்கித்தின் விதிக்காகவும் இல்லை. அவன் பலகையைக் கொட்டகையில் மாட்டிவிட்டால், அடுத்த குளிர்காலம் நான் யாரோடு இறங்குவேன்? கொடி கையில் கனத்த அந்த அரை நொடியில் எனக்குள் இருந்தது இந்தக் கேள்விதான். வெறிச்சோடிய என் இடது பக்கத்தை எண்ணிப் பயந்தேன்.

குன்வோர் பதில் கிடைக்காமல் இறங்கிப் போனாள். பேருந்துக் கதவை அவளே சாத்தினாள், மெதுவாக.

அவள் அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டுக் கிறிஸ்தியான்சாந்தில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். ஆறு வருடம் கழித்து ஒரு கப்பல் மெக்கானிக்கை மணந்தாள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கிறாள் என்கிறார்கள். எனக்கு அவள் எழுதியதில்லை. அவளுக்கும் அஸ்லாக்குக்கும் பிறந்த மகள் பெர்கனில் நரம்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலையில் இருக்கிறாள். மார்கித் 2009-ல் இறந்தார். பந்தயம் 2003 வரை நடந்தது, பிறகு ஆள் சேரவில்லை. இப்போது அந்தச் சரிவை ஒவ்வொரு நாளும் இயந்திரம் சமப்படுத்திவிடுகிறது, மேடுகள் எழுவதில்லை. நூலகப் பேருந்தை மாவட்டம் நிறுத்திவிட்டது, நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அதன் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் நடுவராக நிற்கவில்லை. சறுக்குவதை விடவில்லை. தனியாகத்தான் போகிறேன்.