வல்லரசு போட்ட முடிச்சு

படைக்குப் போகிறவன் கட்டி வைத்துவிட்டுப் போனதை அவன் திரும்பும்வரை வேறெவரும் அவிழ்ப்பதில்லை. கருத்தம்மாவின் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெட்டியானாலும் மூட்டையானாலும் கட்டிய கைதான் பிரிக்க வேண்டும். இடையில் பிரித்தால் வருகிறவனின் வருகை தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் உள்ளூர ஓர் அச்சம்.

அவளுடைய மகன் வல்லரசு, கடைசியாக விடுப்பு முடிந்து எல்லைக்குப் புறப்பட்டபோது கட்டிவிட்டுப் போனது ஒரு படகு. தூத்துக்குடியில் பழையதாக வாங்கிய ஃபைபர் படகு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் தேவதானத்துக் கண்மாயில் மீன் பிடித்துக்கொண்டு, மனைவி யுவராணியோடு ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். கரையோரத் தென்னந்தோப்பில் கட்டைகளின் மேல் அதை ஏற்றி, தார்ப்பாயால் போர்த்தி, கயிறு சுற்றி முடிச்சிட்டான். அதன்பின் அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் கருத்தம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் இன்னொரு தார்ப்பாய் வாங்கிவந்து பழையதன் மேலேயே விரிப்பாள்.

“சித்தி, படகுக்கு இது எத்தனாவது போர்வை? குளிருதுன்னு அழுதுச்சா?” என்பான் தோப்புக்காரன் இசக்கிமுத்து.

“ஏலே, எம் புள்ள படகுல ஒரு சொட்டு மழை விழக்கூடாது. நீ ஒஞ் சோலியப் பாரு.”

மழை விழவில்லைதான். ராஜபாளையத்துப் பஞ்சாலையில் வேலை முடிந்து வரும்போதெல்லாம் யுவராணி தோப்பில் இறங்கி, தார்ப்பாயின் மேல் கைவைத்துச் சற்று நிற்பாள். அதற்கு அடியில் அவன் மடித்து வைத்த சட்டை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் விளிம்பில் முகம் புதைத்தால் டீசலும் அவன் வியர்வையும் மணக்கும். இந்த ஐப்பசியில் பூஞ்சணம் மட்டுமே நாறிற்று. மூடிய இடத்தில் ஈரம் வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மண்ணிலிருந்து ஆவியாக ஏறி, பாயில் முட்டித் துளியாகி, உள்ளேயே பெய்யும். ஃபைபருக்குள் வைத்துப் பூசிய மரப்பலகை இற்றுவிட்டால், வருகிறவன் எதில் ஏறுவான்?

“அத்தே, ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கி விடணும். காத்து இங்கிட்டு நுழைஞ்சு அங்கிட்டுப் போனாத்தான் உள்ள காயும்.”

“முடிச்ச அவுக்கவா சொல்லுத? அவன் வரணும்னு நெனப்பிருக்கா ஒனக்கு?”



மறுநாள் மாலை வேலை முடிந்து வந்த யுவராணி, தார்ப்பாயின் விளிம்பில் புகை கசிவதைக் கண்டாள். பிள்ளை பெற்றவள் அறைக்குப் போடுவதுபோல், தணல் சட்டியில் சாம்பிராணி தூவி, முடிச்சைத் தொடாமல் பாயின் இடுக்கு வழியே உள்ளே தள்ளிவிட்டு, கருத்தம்மா ஆட்டைத் தேடிப் போயிருந்தாள். யுவராணி கையை முழங்கைவரை நுழைத்துச் சட்டியை வெளியே இழுத்து மண்ணில் கவிழ்த்தாள். ஃபைபர் கருகிய நெடி மூக்கில் ஏறியது.

இசக்கிமுத்து தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தான். அவன் பின்னாலேயே கருத்தம்மா. “ஏட்டி, ஈரம் போகட்டும்னுதான்...”

“செத்த நேரம் விட்டிருந்தா படகே போயிருக்கும் மதினி,” என்றான் இசக்கிமுத்து, யுவராணியிடம்.

அப்போது கருத்தம்மாவின் இடுப்பில் செருகியிருந்த கைபேசி ஒலித்தது. வல்லரசு. காது மந்தமான அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அவன் முதலில் கேட்பதும் எப்போதும் ஒன்றேதான்.

“யம்மா, படகு நான் கட்டுனபடியே இருக்கா?”

“அப்படியே இருக்குய்யா.”

யுவராணி கயிற்றின் முன் குந்தினாள். இறுகிக் கல்லாகிவிட்ட முடிச்சு. அவன் கை கடைசியாகத் தொட்ட இடம். அவிழ்த்துவிட்டால் அதுவும் இல்லை. விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு நகத்தைக் கொடுத்து நெம்பினாள்.

“ஏட்டி, வேண்டாம்!”

“என்னம்மா சத்தம்? அவ இருக்காளா அங்க?”

“இருக்கேங்க,” என்றாள் யுவராணி, கையை எடுக்காமல். “நீங்க போட்ட முடிச்ச அவுக்கேன். அத்தை பாத்துக்கிட்டுத்தான் நிக்காக. உள்ள காத்துப் போகட்டும். புதுசாக் கட்டுறதுக்கு நீங்க வாங்க.”

முதல் சுற்று நெகிழ்ந்தது.