மாப்பிள்ளையின் மெசின் எழும்பாத காரணம்

ஹாதிக் தன் கம்பியூட்டரை ஒருபோதும் நிறுத்துவதில்லை, தூங்க வைப்பான். "ஒஃப் பண்ணுறவன் பாவனையாளன், ஸ்லீப்ல போடுறவன் நிபுணன்" என்பது அவன் கொள்கை. கல்முனையில் கணினி வகுப்பெடுத்த காலத்தில் இதை அவன் பிள்ளைகளுக்கும் சொன்னான். பிள்ளைகள் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டார்கள்.

இப்போது வகுப்பு இல்லை. டோஹாவில் உள்ள ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் கீறுகிறான். முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். தேறினால் நிரந்தர வேலை, தவறினால் மறுபடியும் அடிக்கோடு போடும் பிள்ளைகள்.

வீடு அவனுடையதல்ல. மருதமுனையில் பிறந்தவன், கலியாணம் முடித்து சாய்ந்தமருதுக்குப் பெண் வீட்டோடு வந்தவன். இந்தக் கரையோரத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு அங்கே மரியாதை அளவு கடந்தது. மீன் தலை அவன் பீங்கானுக்குத்தான் வரும். முன்னறையை அவனுக்கென்று 'ஒபிஸ்' ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். அவன் மனம் நோகும்படி எதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மாமனார் அச்சிமுகம்மது ஏதும் சொல்ல விரும்பினால், மாப்பிள்ளை அடுத்த கதிரையில் இருந்தாலும் அடுப்படியிலிருக்கும் மகளைக் கூப்பிட்டுத்தான் சொல்வார். மாப்பிள்ளையும் பதிலுக்குக் கௌரவம் காத்தான். அந்த வீட்டில் அவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இந்த மரியாதைக்கு நடுவில் கம்பியூட்டர் மட்டும் அவனை அவமதித்தது. இரவு தூங்க வைத்தால் காலையில் எழும்பாது. பொத்தானை அமுக்கினால் புதிதாய்ப் பிறந்ததுபோல் முதலிலிருந்து தொடங்கும். திறந்து கிடந்த வரைபடம் அரைவாசி காணாமல் போயிருக்கும். தானாகச் சேமிக்கும் வசதி மெசினின் வேகத்தைக் குறைக்கிறதென்று அதையும் நிறுத்தி வைத்திருந்தான் நிபுணன்.

"கரண்ட் கட்டாயிருக்குமோ?" என்று ஒரு கணம் யோசித்தான். அடுப்படியில் பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. ஹோலில் மின்விசிறி சுற்றியது. ஆக, மின்சாரம் நிரபராதி. உலகளாவிய ஒரு இணையக் குழுவில் ஆங்கிலத்தில் நீளமாக முறையிட்டான். பிரேசில் நாட்டு ஆளொருவர் பதில் எழுதினார்: குற்றம் மதர்போர்டின் அடிப்படை நிரலில், அதாவது பயாஸில், புதிய பதிப்பை ஏற்று.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் ஹாதிக் குடும்பத்துக்கு விரிவுரை நடத்தினான்.

"மாமி, நித்திரையில எல்லாம் அடங்கும், ஞாபகம் மட்டும் முழிச்சிருக்கும். அதுக்கு ஒரு சொட்டுக் கரண்ட் காணும். அந்தச் சொட்ட மதர்போர்ட் மறிக்கிது. பயாஸ்ல பிழை."

மாமி ஹாஜறா இன்னொரு ரொட்டியை அவன் பீங்கானில் வைத்தார். அச்சிமுகம்மது முகட்டைப் பார்த்தார். மனைவி றுமைஸா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கனவே ஆறியிருந்தது.

அன்றே புதிய பதிப்பை ஏற்றினான். அடுத்த நாள் காலை மெசின் பொத்தானைத் தொட்டதும் விழித்தது. அதற்கடுத்த நாளும் விழித்தது. 'அறிவால் வெல்ல முடியாத கோளாறு இல்லை' என்று முகநூலில் படத்தோடு ஒரு பதிவு போட்டான். முதல் இதயம் றுமைஸாவுடையது. அச்சிமுகம்மது அந்த நாட்களில் நெல் வெட்டுக்காகச் சவளக்கடை வயலில் வாடி போட்டுத் தங்கியிருந்தார். இந்தத் தகவலுக்கும் மதர்போர்டுக்கும் தொடர்பிருக்குமென்று பிரேசில்காரருக்கும் தோன்றியிருக்காது.

நெல் மூடை வீட்டுக்கு வந்தது, மாமனாரும் வந்தார். மெசின் மறுபடியும் எழும்பவில்லை. இம்முறை காணாமல் போனது டோஹா ஆஸ்பத்திரி ஒன்றின் முழு மாடி. மேலாளர் செய்தி அனுப்பினார்: ஞாயிறு காலை வரைபடம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம்.

"புதுப் பதிப்புலயும் பிழை இரிக்கி" என்று றுமைஸாவிடம் அறிவித்தான். "அதுக்கும் புதுசு ஒண்டு வந்திரிக்கி. இண்டைக்கு ஏத்துறன்."

"ஏத்தத்தான் வேணுமா?" என்றாள் அவள்.

"உனக்கு இது விளங்காது, புள்ள."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னமே முடித்துவிடலாமென்று தொடங்கினான். திரையில் வெள்ளைக் கோடு நகர்ந்தது. 'மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை கிடந்தது. இந்த வேலையை யுபிஎஸ் இல்லாமல் செய்பவன் மடையன் என்று வகுப்பில் சொன்னவன்தான்; யுபிஎஸ் வாங்குவது அவனுக்கு அடுத்த மாதத் திட்டம். கோடு பாதி தாண்டியதும் தொப்பி எடுக்க ஹோலுக்கு வந்தான்.

வாசலோரம் மின்பலகைக்கு முன்னால் அச்சிமுகம்மது நின்றார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அவர் கை பலகையைப் பார்க்காமலே மேலே போனது. முன்னறைக்கான சின்னச் சுவிட்சைத் தேடாமல் தொட்டது, டக்கென்று இறக்கியது. வட்டவிதானையாக வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு, வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடியே நரைத்த கை அது. அந்தக் கையின் பழக்கத்தைப் பார்த்ததும் ஹாதிக்குக்கு எல்லாம் விளங்கியது. முதல் தடவை செய்கிற கை அப்படி நகராது.

ஹோல் மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. முன்னறை மட்டும் அடங்கியது.

இருவர் கண்ணும் சந்தித்தன. அச்சிமுகம்மது தொண்டையைச் செருமினார்.

"றுமைஸா! ஜும்ஆக்கு நேரமாகுதாம் எண்டு மாப்புளக்கிச் சொல்லு."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முகத்துக்கு நேரே சொல்லாமல் மாப்பிள்ளையை மெசினை விட்டு எழுப்ப அவர் கண்ட வழி அது.

ஹாதிக் சுவிட்சைத் தூக்கினான். அந்த வீட்டில் அவன் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மெசினின் உள்விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே கிடந்தது. பாதி எழுதப்பட்ட பயாஸோடு ஒரு மதர்போர்ட் செய்யக்கூடியது அவ்வளவுதான். கல்முனையில் கடை வைத்திருக்கும் வினோஜுக்கு அழைத்தான்.

"சிப்பக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பணும் சேர். வர ஒரு கிழம போகும்."

"டிஸ்க்க வேற மெசின்ல போட்டா?"

"ஃபைல் வரும். நீங்க கீறுற சொஃப்ட்வெயார் இந்த போர்டுக்குத்தானே பதிஞ்சிரிக்கி? அது திறக்காது சேர்."

றுமைஸா கதவடியில் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எப்பலேந்து?"

"முதல்லேந்து. நான்தான் வாப்பாக்கிட்டச் சொன்னன். அந்த மெசின்ட வெளிச்சம் ராவெல்லாம் கண்ணச் சிமிட்டிக்கிட்டுக் கிடக்கு, கதவிடுக்கால அறைக்குள்ள வருது, எனக்கு நித்திர வருதில்ல எண்டு. வாப்பா படுக்கக்குள்ள சுவிட்ச மூடுவார், விடிய சுபஹு தொழுதுத்து வந்து திறந்து உடுவார்."

"திறந்தும் உடுவாரா?"

"நீங்க எழும்பக்குள்ள கரண்ட் இல்லாட்டி உங்கட மனம் நோகும்தானே?"

அவன் கதிரையில் உட்கார்ந்தான். ரொட்டி வைத்த மாமி, முகட்டைப் பார்த்த மாமா, ஆறிய தேத்தண்ணியை ஆற்றியவள்: அவன் பயாஸைப் பற்றி விளக்கியபோது அந்த மேசையில் அவனைத் தவிர எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"அந்தப் பதிவுக்கு இதயம் போட்டியே, றுமைஸா."

"சந்தோசமா இருந்தீங்க. எப்படிச் சொல்ற?"

"வாயால சொல்ற!"

"பிரேசில்காரன்ட கேட்டீங்க. என்னட்ட ஒருக்காவாச்சும் கேட்டீங்களா? உனக்கு விளங்காது எண்டுதானே சொன்னீங்க?"

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

தொழுதுவிட்டு வந்து டோஹாவுக்கு எழுத உட்கார்ந்தான். 'என் மாமனார் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்' என்று கைப்பேசியில் தட்டினான். பார்த்தான். அழித்தான். 'மதர்போர்ட் கோளாறு, ஞாயிறுக்குள் முடியாது' என்று எழுதி அனுப்பினான். இந்த வீட்டின் மரியாதையை அவனும் காப்பாற்றினான். அங்கே விடுமுறை நாள்தான், ஆனாலும் பதில் பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்தது: இதுவரையான ஒத்துழைப்புக்கு நன்றி, உங்கள் கணக்கு மூடப்பட்டது.

மேசையில் பாரை மீன் தலை அவன் பீங்கானிலிருந்து அவனை முறைத்தது. எதிரே அச்சிமுகம்மது சோற்றைப் பிசைந்தார்.

"றுமைஸா, மாப்புளட மெசினுக்கு ஏதும் பழுதாமா எண்டு கேளு."

ஹாதிக் நிமிர்ந்து, இந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தான்: நேரே மாமனாரின் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"இனி நீங்க சுவிட்சத் தேடிப் போகத் தேவல்ல மாமா. அது இனிச் சிமிட்டாது. என்ட வேலையும் போயிட்டு."

அச்சிமுகம்மது மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"மாப்புள என்ன சொல்றார், மகள்?"

றுமைஸா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கறிச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"கறி நல்லா இரிக்காம், வாப்பா."