நாலு பேருக்கு இடமுள்ள தீவு

கரையை ஒட்டி நீளமாகக் கிடந்த மணல் தீவுக்கு அலைச்சறுக்கப் போகலாம் என்று கிளப்பிவிட்டதே வீட்டோடு மாப்பிள்ளைதான். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சறுக்குப் பலகை பரணில் காய்ந்து கிடந்தது. மாமனாரின் ஜவுளிக்கடையில் துணி வெட்டும் மேசைமேல் ஏறி, எப்படி நிற்பது என்று மூன்று மாதமாகக் குடும்பத்துக்கே சொல்லிக்கொடுத்தார்.

தீவில் அலைக்கு எதிரே வாடகைக்குக் கிடைத்த ஒரே வீட்டின் சொந்தக்காரி, "நாலு பேருக்கு மேல விடமாட்டேன்" என்றாள். கடையில் பழகிய மாப்பிள்ளை வாய் சும்மா இருக்குமா?

"நாலே பேர்தாம்மா, சத்தியமா!" என்று போனில் அடித்துவிட்டு, மாமனாரிடம் கண்ணடித்தார். "அங்க போய் இறங்கிட்டா, அஞ்சாவது ஆளைக் கடல்லயா தள்ளுவா?"

மாமனார் விரல் விட்டு எண்ணினார். "நான், உங்க அத்தை, பெரியவன், எம் பொண்ணு. நாலு சரியாப் போச்சு. வாக்குக் கொடுத்துட்டீங்களே மாப்பிள்ளை, அதை மீறலாமா? கடையைப் பார்த்துக்குங்க."

சாயம் போகாது என்று சத்தியம் செய்தே முப்பது வருடம் துணி விற்ற மனிதர்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் பலகையைப் பரணிலிருந்து இறக்கி, தன் அண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்குங்க" என்றாள்.