இயன்றபோது வடிக்க வேண்டிய தண்ணீர்

1

இக்கதைக்குக் கரு ஒரு விண்ணப்பத்தின் நகல். எழுதியவன் நான், கையொப்பமிட்டவர் ஷேக் பரீத்.

"கோடியக்கரைச் சாலையில் அந்தி மெல்லக் கவிந்துகொண்டிரு..."

(அடித்துவிட்டேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒருவர் வெந்த கதைக்கு அந்தி எதற்கு?)

2

பரீத் என் அடுத்த வீட்டுக்காரர். குவைத்தில் பதினெட்டு ஆண்டுகள் ஆலைக் குழாய்கள் பொருத்தியவர். இப்போது இங்குள்ள ஆலையில் ஒப்பந்த மேற்பார்வையாளர். சித்திரையில் ஒரு காலை வந்தார்.

"புது எவர்சில்வர் குழாய் கசியுதான்னு டெஸ்ட் பண்ணத் தண்ணி ரொப்பினாங்க சார். போர்வெல் தண்ணி. அதுல டீ போட்டா பால் திரிஞ்சுடும், அவ்வளவு உப்பு. இருபது நாளா வடிக்காம நிக்குது."

"எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காதே?"

"மேனேஜரும் இதையேதான் சொல்றார். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலா? உப்பு உள்ள நின்னா ஊசியால குத்தின மாதிரி பள்ளம் பறிக்கும். சூடா எண்ணெய் ஓடுறப்ப அங்கேருந்து விரிசல் விடும். வெளியே பளபளன்னுதான் இருக்கும். உடனே வடிங்க, நல்ல தண்ணியில கழுவுங்க, சோதிக்காம ஓட்டாதீங்கன்னு எழுதிக் கொடுங்க சார்."

(மேலாளரை முதலில் கொடியவராக எழுதினேன், பொருந்தவில்லை. அவர் எவர்சில்வரை நம்பியவர். நானும் நம்பியவன்.)

3

நான் எழுதியது: "மேற்படி குழாயிலுள்ள நீரை இயன்றபோது வடித்துக் கழுவுவது குறித்துப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

முப்பத்தோர் ஆண்டுகள் இப்படித்தான் விண்ணப்பம் எழுதக் கற்பித்தேன். மேலிடத்துக்குக் கட்டளையிட்ட விண்ணப்பம் எதற்கும் நான் மதிப்பெண் தந்ததில்லை.

"ரொம்ப மெதுவா இருக்கே சார்," என்றார் பரீத்.

"மரியாதை அப்படித்தான் இருக்கும்."

கையொப்பமிட்டார்.

இயன்றபோது வடித்தார்கள், ஆலையை ஓட்டுவதற்கு முந்தைய நாள். கழுவவில்லை, சோதிக்கவில்லை. ஆடியில் குழாய் பிளந்தது. அதனடியில் வேலை செய்த ஜெயபால், முகமும் இரு கைகளும் வெந்து தஞ்சாவூரில் மருத்துவமனையில் கிடக்கிறார். பார்க்கப் போனேன். அவர் மனைவி தர்ஷினி கேட்டார்: "முன்னாடியே எழுதிக் கொடுத்தாங்களாமே சார். அப்புறம் எப்படி?"

நான்...

(இவ்வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.)

4

நாளைக் காலை பத்து மணிக்கு ஆலையில் விசாரணை. குழாயில் உப்புத் தண்ணீர் நிரப்பியவர், ஆலையை ஓட்ட ஆணையிட்டவர் எல்லோரும் சாட்சிகள். எச்சரித்த பரீத் மட்டும் குற்றவாளி. அபாயம் தெரிந்தும் அவசரத்தை உணர்த்தவில்லையாம். அவர் கடிதமே சான்றாம். வேலை போவது உறுதி, வழக்கும் வரலாம். அவர் என் பெயரை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

"விடுங்க சார். கையெழுத்து என்னோடதுதானே?"

முடிவு அ: நான் சென்று, "அச்சொற்கள் என்னுடையவை, அவர் உடனே என்றுதான் சொன்னார்" என்கிறேன். "உங்களுக்கு இங்கே என்ன வேலை வாத்தியாரே?" என்று வெளியே அனுப்புகிறார்கள்.

முடிவு ஆ: உடல்நலமில்லை என்று வீட்டிலிருந்து இக்கதையைச் செம்மைப்படுத்துகிறேன்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதுதான் சரளமாக வருகிறது, அதுதான் கசக்கிறது.

வாசகரே, நீங்கள் இதைப் படிக்கையில் பத்து மணி கடந்திருக்கும். நான் போனேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைத் தர்ஷினியிடம் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அது ஒன்றே நிபந்தனை.